குளிர்காலத்தில் சளி, காய்ச்சல் அதிகம் பரவுவது ஏன்? நம் எதிர்ப்பு சக்தி குறைகிறதா, கிருமி பலமாகிறதா?

இரண்டு பக்கமும் மாறுகிறது என்பதுதான் என் பதில். வைரஸ் இல்லாமல் வெறும் குளிரால் யாருக்கும் சளி பிடிக்காது. ஆனால் உள்ளே வந்த வைரஸ் தங்குமா, விரட்டப்படுமா என்பதில் நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் பங்கு உண்டு.

கிருமி நுழைந்த சில மணி நேரத்துக்குள் அதை எதிர்ப்பது பிறவியிலேயே அமைந்த நோயெதிர்ப்பு. மூக்கின் சளிப்படலம், அந்தச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்கள், அக்கம்பக்கத்து செல்களை உஷார்ப்படுத்தும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் எல்லாம் இதில் அடக்கம். புதிய கிருமிக்கு ஆன்டிபாடி தயாராகப் பல நாள் ஆகும். அதுவரை இவைதான் காவல்.

நுரையீரலில் 37 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் மூக்கின் உட்புறம் 33 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சாதாரண சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ் அந்தக் குளிர்ச்சியில்தான் நன்றாகப் பெருகுகிறது. ஏன் என்று யேல் பல்கலைக்கழகத்தில் எலியின் சுவாசப்பாதை செல்களை வைத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். 37 டிகிரியில் இன்டர்ஃபெரான் எதிர்ப்பு வேகமாகக் கிளம்பியது, 33-ல் மந்தமானது. அந்த எதிர்ப்பு வழியையே முடக்கிய செல்களில் 37 டிகிரியிலும் வைரஸ் பெருகியது! வெப்பம் வைரஸை நேரடியாக அடக்குவது மட்டுமே காரணம் என்றால் இப்படி நடந்திருக்காது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

இதை எல்லா வைரஸுக்கும் நீட்டிவிடக் கூடாது. 2007-ல் கினிப்பன்றிகளிடம் ஃப்ளூ காய்ச்சலை உண்டாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸைச் சோதித்தபோது, 20 டிகிரியைவிட 5 டிகிரியில் அது சுலபமாகப் பரவியது. ஆனால் குளிரில் இருந்தவற்றின் பிறவி எதிர்ப்பு குறையவில்லை. அவை வைரஸை அதிக நேரம் வெளியேற்றிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

வறண்ட காற்று வேறு கதை. 2019-ல் வந்த எலி ஆய்வில், ஈரப்பதம் குறைந்த இடத்தில் நுண்மயிர்கள் சளியைத் தள்ளும் வேகம் தளர்ந்தது, இன்டர்ஃபெரான் எதிர்ப்பும் குறைந்தது, புண்பட்ட திசு ஆறவும் தாமதமானது. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு மூடிய அறையில் காற்று இப்படித்தான் வறண்டுவிடுகிறது. புகையும் இதே நுண்மயிர்களைத்தான் கெடுக்கிறது.

அதனால் ஒருவருக்கு அடிக்கடி சளி பிடித்தால் 'உனக்கு எதிர்ப்பு சக்தி இல்லை' என்று உடனே அவர்மேல் பழி போடாதீர்கள். அவர் இருக்கும் அறையைப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் சுவரில் பூஞ்சை வந்துவிடும்.