டிரெயின் போல்ட்டை எவ்வளவு இறுக்கலாம்? – பைக் கேள்வி பதில்

கேள்வி: ஸ்பிளெண்டர் பிளஸ் வைத்திருக்கிறேன். இன்ஜின் ஆயிலை வீட்டிலேயே மாற்ற என்னென்ன வேண்டும்? எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகர், திண்டுக்கல்

தாராளமாக மாற்றலாம், அரை மணி நேர வேலைதான். 10டபிள்யூ30 ஆயில் 900 மில்லி டப்பா ஒன்று, டிரெயின் போல்ட்டுக்கு (ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) புது வாஷர், 17 நம்பர் ரிங் ஸ்பேனர், அகலமான பழைய தட்டு, புனல், அளவுக் குவளை, ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட். இவ்வளவு போதும். ஓப்பன் ஸ்பேனர் மட்டும் வேண்டாம். வழுக்கி, போல்ட்டின் தலையை மழுக்கிவிடும்.

வண்டியை மூன்று நிமிடம் ஐடிலிங்கில் ஓட விட்டு நிறுத்துங்கள். ஆயில் இளகும், அடியில் தங்கிய கசடும் கலந்து வரும். வெளியே சுற்றிவிட்டு வந்த கையோடு மட்டும் கழற்றாதீர்கள். ஆயிலும் சுடும், பக்கத்திலேயே போகும் சைலன்சர் குழாயும் சுடும்.

சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) திறந்து வைத்துவிட்டு, இன்ஜினுக்கு அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். அடியில் இன்னொரு போல்ட்டும் உண்டு, அது டைமிங் செயினை விறைப்பாகப் பிடித்திருக்கும் டென்ஷனருடையது. கழற்றும்போது ஸ்பிரிங்கும் கம்பியும் சேர்ந்து வந்தால் அது டிரெயின் போல்ட் இல்லை. கடைசியாக வந்ததை முதலில் என்று, வந்த வரிசைக்குத் தலைகீழாகத் திரும்பப் போட்டு மூடிவிடுங்கள்.

ஆயில் சொட்டுச் சொட்டாகக் குறைந்ததும், சாவியை ஆஃப் செய்த நிலையில் ஐந்தாறு முறை மெதுவாகக் கிக்கரை மிதியுங்கள். உள்ளே நின்றது கொஞ்சம் இறங்கும். பத்து நிமிடம் வடிய விடுங்கள்.

போல்ட்டை முதலில் விரலாலேயே திருகி ஏற்றுங்கள். விரலுக்கு வராமல் முரண்டு பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். முழுக்க ஏறியபிறகுதான் ஸ்பேனர். இறுக்கம் சுமார் 25 நியூட்டன் மீட்டர் போதும். கை அளவில் சொன்னால், 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 12 கிலோ எடையைத் தொங்கவிட்ட அழுத்தம், அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பத்தில் பாதி. காலால் மிதிப்பதும், ஸ்பேனரில் குழாய் மாட்டி நீட்டுவதும் கூடவே கூடாது. போல்ட் இரும்பு, அது ஏறும் கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) அலுமினியம். மல்லுக்கட்டினால் தோற்பது அலுமினியம்தான்.

டப்பாவை அப்படியே கவிழ்க்காதீர்கள். மேனுவலில் இரண்டு அளவுகள் இருக்கும்: இன்ஜினைப் பிரித்து மாட்டும்போது ஊற்றுவது, வடித்து ஊற்றுவது. உங்களுக்குரியது இரண்டாவது, குறைவான அளவு. முதலில் 700 மில்லி ஊற்றி, மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மேலும் மூன்று நிமிடம் காத்திருந்து டிப்ஸ்டிக் பாருங்கள். துடைத்து, மரையில் திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகினால் குச்சி கீழே இறங்கி, இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். மேல்கோட்டை நெருங்கும்வரை ஐம்பது ஐம்பது மில்லியாக ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டினால் ஆயில் பிரீதர் குழாய் வழியே ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய்ச் சேரும், வண்டியும் இழுவை குறைந்து புகையும்.

இந்த வண்டிக்கு மாற்றிப் போடும் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. வலதுபக்க மூடிக்குள் கம்பி வலையும் சென்ட்ரிஃபியூகல் ஃபில்டரும் உண்டு. மூடியைத் திறந்தால் கேஸ்கட் மாற்ற வேண்டும். அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கேள்வி: ஆயில் மாற்றிய மறுநாளே தரையில் சொட்டு. போல்ட்டை இறுக்கினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
– வாசகர், ஓசூர்

சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் மரை போய்விட்டது. எம்-சீல் பூசுவது, டெஃப்ளான் டேப் சுற்றுவது எல்லாம் வழியில் போல்ட் கழன்று விழும்வரைதான். அது விழுந்தால் ஆயில் மொத்தமும் கொட்டி இன்ஜின் இறுகிச் சீஸ் ஆகும். வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ போய் ஹெலிகாயில் போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் புதிதாக மரை வெட்டி எஃகுச் சுருளை இறக்கும் வேலை அது. பழைய அளவு போல்ட்டையே பிறகும் போடலாம். வெட்டும்போது மரை வெட்டும் கருவியில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், துகள் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கடைசியில் கொஞ்சம் ஆயில் ஊற்றிக் கழுவி வடித்த பின்னரே மூட வேண்டும்.

போல்ட் நன்றாகப் பிடித்தும் சொட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய வாஷர் கிராங்க்கேஸில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேலேயே புது வாஷரைப் போட்டிருப்பீர்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்தால் தெரியும்.

கேள்வி: காருக்கு வாங்கிய ஆயில் அரை லிட்டர் மிச்சம். பைக்குக்கு ஊற்றலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். காரில் இன்ஜின் ஆயில் கிளட்சைத் தொடுவதில்லை. கியர் வைத்த பைக்குகள் பெரும்பாலானவற்றில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. கிளட்ச் பிளேட்டோ உராய்வை நம்பியே பிடிக்கிறது. மேட்டில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறி வேகம் ஏறாதது அந்த வழுக்கலால்தான். டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்றிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது.

கேள்வி: புது ஆயில் 500 கிலோமீட்டரிலேயே கறுத்துவிட்டது. போலியா?
– வாசகர், விருதுநகர்

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆயிலில் உள்ள டிடர்ஜென்ட் கரியைத் தன்னோடு ஏந்திக்கொள்வதால்தான் கறுக்கிறது. பயப்பட வேண்டியது பால் கலந்த காபி நிறத்துக்கு. அது தண்ணீர். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஒரு தடவைகூடக் கிக் செய்யாமல் ஆயிலை வடியுங்கள்.

கேள்வி: வடித்த ஆயிலை என்ன செய்வது? செயினுக்கு விடலாமா?
– வாசகர், கரூர்

செயினுக்கு வேண்டாம். அதிலுள்ள இரும்புத் துகள் அரம்போலத் தேய்க்கும். சாக்கடையில், மண்ணில் ஊற்றவே கூடாது, கிணற்று நீர்வரை கெடும். ஆயில் வந்த டப்பாவிலேயே நிரப்பி மூடி, பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பழைய ஆயில் தோலில் அடிக்கடி பட்டால் தோல் புற்றுநோய் ஆபத்து உண்டு. கையுறை போடுங்கள், கையைப் பெட்ரோலில் கழுவாமல் சோப்பால் கழுவுங்கள்.