ஹொஸ்டிங்கோடு சேர்த்துப் பதிந்த டொமைன் யாருடையது? – கேள்வி பதில்

நல்லூரில் தங்குமிடம் நடத்துபவர்: எங்கள் இணையத்தளத்தை அமைத்த தம்பி, ஹொஸ்டிங்கோடு (தளத்தை வைத்திருக்கும் வழங்கி இடம்) டொட் கொம் டொமைனையும் (தளத்தின் இணையப் பெயர்) வாங்கித் தந்தார். காசு கட்டியது நாங்கள். ஆகவே அது எங்களுடையதுதானே, ஐயா?

பதில்: பற்றுச்சீட்டு இதைத் தீர்மானிப்பதில்லை. டொட் கொம் டொமைனை எவரும் அறுதியாக வாங்குவதில்லை. ஒரு தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிந்து, காலம் முடியுமுன் புதுப்பிக்கும் உரிமையே கிடைக்கிறது. பதிவாளர் நிறுவனத்தின் ஏட்டில் பதிவுதாரராக யாருடைய பெயர் உள்ளதோ, அவருக்கே அவ்வுரிமை. ஹொஸ்டிங் நிறுவனமோ பெரும்பாலும், டொமைன் பெயர்களை உலகளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஒரு பதிவாளரின் மறுவிற்பனையாளர் மட்டுமே. தம்பி தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிந்திருந்தால், அவர் கனடாவுக்குப் போன பின் டொமைனை வேறு பதிவாளரிடம் கொண்டுபோகத் தேவையான மாற்றக் குறியீட்டுக்காக நீங்கள் அலைய நேரும். உறவு நன்றாக இருக்கும்போதே பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுவியுங்கள். பெயர் மாற்றத்தின் பின் 60 நாள் பூட்டு விழக்கூடுமாதலால், வேறு பதிவாளரிடம் போகும் எண்ணமிருந்தால் அதை முதலில் முடியுங்கள். கொடுக்கும் மின்னஞ்சல் உங்களுடையதாகவும், அதே டொமைனில் அமையாததாகவும் இருக்கட்டும்.

சாவகச்சேரி வாசகர்: ஹொஸ்டிங்கை நிறுத்தினால் டொமைனும் போய்விடுமா?

பதில்: போகாது. அதைத் தனியே புதுப்பித்து, தளம் இருக்கும் இடத்தைக் காட்டும் பெயர் வழங்கிகளைப் புதிய இடத்துக்கு மாற்றினால் போதும்.

பருத்தித்துறையில் வீட்டில் வகுப்பு நடத்தும் ஆசிரியை: டொமைன் பதிவேட்டில் எவரும் பார்க்கக்கூடிய என் விலாசத்தை மறைப்பதற்கு ஆண்டுதோறும் தனிக்கட்டணம் கேட்கிறார்கள். கட்ட வேண்டுமா?

பதில்: முதலில் ஐகானின் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைனை இட்டுப் பாருங்கள். ஐரோப்பிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பல பதிவாளர்கள் தனிநபரின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தாமாகவே மறைக்கிறார்கள். ஏற்கெனவே மறைந்திருப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

திருநெல்வேலி வணிகர்: மறைக்க வேண்டியது மோசடிக்காரர்தானே? நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு எதற்கு ஒளிப்பு?

பதில்: உங்கள் கடை விலாசத்தைத் தளத்தின் தொடர்புப் பக்கத்தில் தாராளமாக இடுங்கள், அது வாடிக்கையாளருக்கானது. பதிவேட்டு விவரங்களை வாரி எடுப்பவர்களோ போலிப் புதுப்பித்தல் பட்டியல் அனுப்புவோர்.

அதே வணிகர்: அப்படியானால் ஏமாந்தவர் யாரிடம் முறையிடுவது?

பதில்: திரைக்குப் பின்னாலும் விவரம் பதிவாளரிடம் இருக்கிறது, நீதிமன்றக் கட்டளைக்கு அது வெளிவரும். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. சில மறைப்புச் சேவைகளில் பதிவுதாரர் நீங்களாகவே இருக்க, தொடர்பு விவரம் மட்டும் மாறும். பதிலாள் சேவையிலோ, அந்தச் சேவை நிறுவனமே பதிவுதாரராகி, உங்களுக்குப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும் தருகிறது. நேர்மையானவர் ஒப்பந்தத்தில் தேட வேண்டியது இதைத்தான்.

கொக்குவில் வாசகர்: டொமைன் கூட்டாளியின் பெயரில் உள்ளது, காசு கட்டியது நான்...

பதில்: முதற் பதிலை வாசியுங்கள்.

மானிப்பாய் வாசகர்: டொட் கொம் டொமைன் காலாவதியாகிவிட்டது. நினைவூட்டல் ஒன்றும் வரவில்லை.

பதில்: காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் பதிவிலுள்ள மின்னஞ்சலுக்கு வந்திருக்கும். அது யாருடைய மின்னஞ்சல் என்று பாருங்கள். இதற்காகத்தான் மேலே வற்புறுத்தினேன். டொட் கொம் டொமைன்களின் மூல ஏட்டை வைத்திருக்கும் பதிவகத்தில் அழிக்கப்பட்ட பின்னும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. பதிவாளர் ஊடாக மேலதிகக் கட்டணத்துடன் மீட்கலாம். அதற்கடுத்த 5 நாளில் மீட்பு இல்லை. இன்றே அழையுங்கள்.

சுன்னாகம் வாசகர்: டொட் எல்கே, டொட் இலங்கை டொமைன்களுக்கும் இதே விதிகளா?

பதில்: இல்லை. நாட்டுக்குறி டொமைன்களின் விதிகளை அந்தந்தப் பதிவகமே வகுக்கிறது. எல்கே டொமைன் பதிவகத்திடமே கேளுங்கள்.