பந்தும் ஓட்டும்: டாக்டர் சாக்ரடீஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பிரேசில் கால்பந்து வீரர் சாக்ரடீஸ் நிஜமாகவே டாக்டரா? பட்டப்பெயரா?

பதில்: நிஜ டாக்டர்தான். 1954 பிப்ரவரி 19-ல் பெலெம் நகரில் பிறந்தவர். கிரேக்கத் தத்துவ நூல்களில் ஊறிய அப்பா வைத்த பெயர் அது. சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் ரிபெய்ராவோ ப்ரெட்டோ மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே உள்ளூர் பொட்டாஃபோகோ அணிக்கு ஆடினார். படிப்பை முடித்த பிறகே, 1978-ல், பெரிய கிளப்பான கொரிந்தியன்ஸுக்குப் போனார். தேசிய அணியில் ஆடத் தொடங்கியது 1979-ல், 25 வயதில். அந்த நாட்டில் அது தாமதம். ஆனால் கையில் இன்னொரு தொழில் இருந்ததால், கிளப் நிர்வாகிகளிடம் அவர் பயமில்லாமல் பேச முடிந்தது.

அரசியல் அவருக்குள் நுழைந்தது அதற்கும் முன்பே. 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, ஆசையாய்ச் சேர்த்த புத்தகங்களை அப்பா பயந்து எரித்தார். பத்து வயதுப் பையனாக அதைப் பார்த்தவர் அவர்.

கேள்வி: ‘கொரிந்தியன்ஸ் ஜனநாயகம்’ என்கிறார்களே, நடைமுறையில் அது எப்படி இயங்கியது?

பதில்: பலர் இதை ஒரு கோஷம் என்று நினைக்கிறார்கள். அது ஒரு வேலை முறை.

1981-ல் கொரிந்தியன்ஸ் படுமோசமாக ஆடி, அடுத்த ஆண்டு தேசியப் போட்டியை இரண்டாம் பிரிவிலிருந்து தொடங்கும் நிலைக்கு வந்தது. அப்போது கிளப் தலைவராக இருந்த வால்டெமர் பீரஸ், கால்பந்துப் பிரிவின் பொறுப்பை அடில்சன் மோன்தெய்ரோ ஆல்வெஸ் என்ற சமூகவியலாளரிடம் கொடுத்தார். கால்பந்து நிர்வாகம் அவருக்குப் புதிது. அதனால் வீரர்களை உட்காரவைத்து, என்ன தப்பு நடக்கிறது என்று கேட்டார். சாக்ரடீஸ், இடதுபுறத் தடுப்பாட்டக்காரர் விளாடிமிர், இளம் முன்கள வீரர் காசகிராண்டே மூவரும் அந்தக் கதவை அகலத் திறந்துவிட்டார்கள்.

விதி ஒன்றே ஒன்று: ஆளுக்கு ஒரு ஓட்டு. நட்சத்திர வீரருக்கும் ஒன்று, மாற்று வீரருக்கும் ஒன்று, உடுப்புகளைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஒன்று. பயிற்சி எத்தனை மணிக்கு, வெளியூர்ப் பயணம் எப்போது, யாரைப் புதிதாக எடுப்பது, பேருந்து வழியில் எங்கே நிற்பது என எல்லாம் ஓட்டுக்கு வந்தன. இதில் முக்கியமானது ‘கான்சென்ட்ராசாவோ’ என்ற வழக்கத்தை உடைத்தது. ஆட்டத்துக்கு முன் வீரர்களை ஓட்டலில் அடைத்துவைப்பார்கள். கல்யாணமாகி பிள்ளை பெற்றவரும் காவலில் இருக்க வேண்டும். அந்தக் கட்டாயம் போனது. உன் உடம்புக்கு நீயே பொறுப்பு என்றார்கள்.

பலன் களத்தில் தெரிந்தது. 1982, 1983 இரண்டு ஆண்டும் சாவோ பாவ்லோ மாநிலப் பட்டம் அவர்களுக்கே. 1983 இறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் அணிக்காக கோல் அடித்தவர் சாக்ரடீஸ்.

குறை இல்லையா? இருந்தது. எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. 1983-ல் வந்த கோல்கீப்பர் லியாவோ இந்த முறையை வெளிப்படையாகவே எதிர்த்தார். அதைவிடப் பெரிய பலவீனம், மேலே ஒரு தலைவரும் ஓர் இயக்குநரும் அனுமதித்ததால்தான் இது நடந்தது என்பது. சாக்ரடீஸ் 1984-ல் வெளிநாடு போனார். 1985-ல் கிளப் தலைவர் தேர்தலில் அடில்சன் தோற்றார். பழைய முறை திரும்பிவிட்டது.

கேள்வி: ராணுவ ஆட்சியில் ஜெர்சியில் அரசியல் வாசகம் எப்படி எழுத முடிந்தது?

பதில்: ஜெர்சியில் விளம்பரம் போட அனுமதி கிடைத்தது அப்போதுதான். முதுகுப் பக்கம் காலி இருந்தது. 1982 நவம்பர் 15-ல் மாநில ஆளுநர்களுக்கான நேரடித் தேர்தல், பல ஆண்டுகளுக்குப் பிறகு. வீரர்கள் முதுகில் ‘15-ஆம் தேதி ஓட்டுப் போடுங்கள்’ என்று அச்சிட்டு ஆடினார்கள்.

அந்த வாசகத்தைக் கவனித்துப் பாருங்கள். கட்சிப் பெயர் இல்லை, வேட்பாளர் பெயர் இல்லை, ஆட்சியைத் திட்டவும் இல்லை. அரசாங்கமே அறிவித்த தேதியைத்தான் நினைவூட்டுகிறது. அதைத் தண்டிக்க வேண்டுமானால், ஓட்டுப் போடச் சொல்வதே குற்றம் என்று ஆட்சி வாய்திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள்!

கேள்வி: இத்தாலிக்குப் போகமாட்டேன் என்று கூட்டத்தில் அறிவித்தவர் ஏன் போனார்?

பதில்: நிபந்தனையோடுதான் சொன்னார். 1984 ஏப்ரல் 16, சாவோ பாவ்லோவின் அன்யங்காபாவு பள்ளத்தாக்கு. ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டுப் பெருங்கூட்டம். அதற்கான அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறினால் நாட்டிலேயே இருப்பேன் என்றார். ஏப்ரல் 25-ல் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு. ஆதரவு 298, எதிர்ப்பு 65. கேட்கும்போது ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 320 வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அவைக்கே வரவில்லை. 22 ஓட்டில் போயிற்று. அவர் ஃபியோரென்டினா அணிக்குக் கிளம்பினார். அங்கே ஒரே சீசன், லீக்கில் 6 கோல். பிரேசிலில் உடைத்த அதே ஓட்டல் காவல் இத்தாலியில் ‘ரித்திரோ’ என்ற பெயரில் காத்திருந்தது. ஒட்டவில்லை.

கேள்வி: அரசியலால் ஆட்டம் கெட்டதா? 1986 உலகக் கோப்பையில் பெனால்டியைக் கோட்டை விட்டாரே?

பதில்: கொரிந்தியன்ஸுக்கு 297 ஆட்டம், 172 கோல், நடுக்கள வீரருக்கு இது அசாத்தியம். அந்தப் பெனால்டிக்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லை. அவர் ஓடிவராமல், கிட்டத்தட்ட நின்ற இடத்திலிருந்தே அடிப்பார். எந்தப் பக்கம் என்று கோல்கீப்பருக்குத் துப்புக் கிடைக்காது என்பது லாபம். வேகம் குறைவு என்பது நஷ்டம். போலந்துக்கு எதிராக அது பலித்தது. காலிறுதியில் பிரான்ஸின் ஜோயல் பாட்ஸ் சரியான பக்கம் பாய்ந்துவிட்டார், பந்து கைக்கு எட்டிவிட்டது. மெக்சிகோவில் நடந்த அதே தொடரில் சாக்ரடீஸின் நெற்றிப்பட்டையில் எழுதியிருந்தது ‘மெக்சிகோ இன்னும் நிமிர்ந்து நிற்கிறது’. முந்தைய ஆண்டு பூகம்பத்தில் நொறுங்கிய நாட்டுக்கான வார்த்தை அது.

கேள்வி: இவரைப் போல வேறு யார்?

பதில்: சிலியின் கார்லோஸ் காசெலி. ராணுவம் கவிழ்த்த இடதுசாரி ஜனாதிபதி ஆயெண்டேயை வெளிப்படையாக ஆதரித்தவர். 1974 உலகக் கோப்பைக்கு முன் அணியைச் சந்திக்க வந்த ராணுவ ஆட்சியாளர் பினோசேவுக்குக் கை கொடுக்கவில்லை. அவருடைய அம்மாவைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். 1988-ல் பினோசே நீடிக்கலாமா என்ற வாக்கெடுப்பு. ‘வேண்டாம்’ தரப்பின் டிவி விளம்பரத்தில் ஒரு பெண்மணி, தனக்கு நேர்ந்ததை அமைதியாகச் சொல்கிறார். பிறகு கேமரா விலகுகிறது, பக்கத்தில் காசெலி. இவர் என் அம்மா என்கிறார். அந்த அக்டோபரில் ‘வேண்டாம்’ ஜெயித்தது.