திரைவழி வகுப்பும் திருத்தப்படாத விடைத்தாளும்

கேள்வி: என் மகள் அடுத்த ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கிறாள். பம்பலப்பிட்டியில் மாலை வேளைகளில் நடைபெற்றுவந்த இணைந்த கணித வகுப்பை ஆசிரியர் முற்றாக இணையவழிச் சூமுக்கு மாற்றிவிட்டார். கட்டணம் மட்டும் குறையவில்லை. இதையே தொடர்வதா, நேரடி வகுப்பொன்றைத் தேடுவதா?
– ஒரு தாயார், வெள்ளவத்தை

பதில்: 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வேறு வழியின்றி வந்த ஏற்பாடு இது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்ட மாதங்களில் மேலும் வேரூன்றியது. மண்டப வாடகை மிச்சமாகும் ஆசிரியர் கட்டணத்தையும் சற்றுக் குறைக்கலாமே என்று நீங்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அதுவன்று.

தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்த இணைந்த கணிதத்தில் பல்தேர்வு வினாக்கள் இல்லை. மும்மூன்று மணித்தியாலத்துக்குரிய இரண்டு வினாத்தாள்களிலும், முதற்பகுதியின் 10 வினாக்களுக்கும் அடுத்த பகுதியின் 7 வினாக்களுள் 5இற்கும் படிமுறைகளை எழுதியே விடையளிக்க வேண்டும். நேரடி வகுப்பில் வாங்குகளுக்கிடையே நடந்துவரும் ஆசிரியர், மாணவி உராய்வு விசையின் திசையை மாற்றிக் குறித்திருப்பதைக் கண்டால், அந்த அம்புக்குறியின் மீதே விரலை வைப்பார். சூமில் கமராவை அணைத்துவிட்டு இருக்கும் பலருள் ஒருத்தியாக அமர்ந்து, ஆசிரியர் செய்துகாட்டுவதைக் கொப்பியில் பார்த்தெழுதும் பிள்ளையோ, தனக்கும் கணக்கு விளங்கிவிட்டது என்று நம்பிவிடக்கூடும்.

ஆகவே, வாரந்தோறும் ஒரு விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பினால் வரிவரியாகத் திருத்தித் தருவாரா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தருவாரெனில் தாராளமாகத் தொடரலாம். (உங்களுக்குப் பம்பலப்பிட்டி பக்கந்தான்; தொலைவிலுள்ள வத்தளையிலிருந்து வந்துபோன பிள்ளைக்கு மிச்சமாகும் பயண நேரமே பெரிய ஆதாயம்.) வகுப்பின் ஒளிப்பதிவு, மின்சாரமோ இணைப்போ துண்டிக்கப்பட்ட நாளுக்கு மட்டும் உதவட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிய பதிவுகள் பரீட்சை நெருங்கும்போது மலையாய்க் குவிந்துவிடும்.

திருத்தித் தர இயலாது என்றால், தியரியை, அதாவது பாட விளக்கத்தை, சூமிலேயே வைத்துக்கொண்டு, அருகில் நேரடியாக நடக்கும் சிறிய பேப்பர் வகுப்பொன்றில் (வினாத்தாள்களுக்கு விடையெழுதிப் பழகும் வகுப்பு) சேர்த்துவிடுங்கள். இரண்டு கட்டணமும் சுமையென்றால், தியரியைப் பாடசாலை ஆசிரியரிடமும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் கற்றுக்கொண்டு, பேப்பர் வகுப்புக்கு மட்டும் பணம் கட்டுவதே என் தெரிவாக இருக்கும்.