லேத் சுருள் கான்கிரீட்டுக்கு ஆகுமா?

கேள்வி: எங்கள் தெரு லேத் பட்டறையில் எஃகுச் சுருள்களைச் சாக்குச் சாக்காகக் கழித்துப் போடுகிறார்கள். அதை வெட்டிக் கான்கிரீட்டில் கலந்தால் கம்பிச் செலவு மிச்சம் என்கிறார் மேஸ்திரி. முதலில் கார் நிறுத்தும் தளம், பிறகு மாடிக்குத் தால் (கான்கிரீட் கூரை) போட உத்தேசம். செய்யலாமா?
- வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: மண்மேல் படுத்திருக்கும் தளத்துக்குச் செய்யலாம். தாலுக்குக் கூடாது. கம்பியை இழுவிசை வரும் இடம் பார்த்துக் கட்டுகிறோம். சுருள் துண்டு எங்கே, எந்தப் பக்கம் திரும்பி விழும் என்று யார் கண்டது? விரிசல் விட்டபின் அதன் இரு கரையையும் பிடித்து நிறுத்துவதே சுருளின் வேலை. 1960 கரோல் புயலுக்குப் பிறகு காற்றுக்குப் பயந்துதான் தீவு முழுக்கத் தாலுக்கு மாறினோம். அதில் போய்க் கம்பியைக் குறைப்பானேன்?

தளத்துக்கு, நீளமாகச் சுருண்டு வரும் மென்னெஃகுச் சீவலாகப் பார்த்து எடுங்கள். வார்ப்பிரும்புத் தூள் உதவாது. கத்தரியால் 30 முதல் 40 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, இறுகிய சுருளைச் சற்று இழுத்து விடுங்கள். தோல் கையுறை, கண்ணாடி கட்டாயம். ஜல்லி 14 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

பலரும் கோட்டை விடுவது எண்ணெயில். வெட்டெண்ணெய் ஒட்டிய துண்டைச் சிமென்ட் பிடிக்காது, விரிசல் வந்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சலவைச் சோடா கலந்த வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, அலசிக் காயவையுங்கள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பரவ வேண்டும். முத்தாக நின்றால் மறுபடி கழுவ வேண்டியதுதான். லேசான துரு கெடுதல் இல்லை, செதிலாக உதிர்ந்தால் தள்ளிவிடுங்கள்.

அளவு: 1:2:3 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு ஐந்தரை கிலோ. கன மீட்டருக்கு ஏறக்குறைய 39 கிலோ, அதாவது கன அளவில் அரை சதவீதம். ஜல்லியும் மணலும் மிக்சரில் சுற்றும்போதே கையால் தூவுங்கள். ஒரே கொட்டாகக் கொட்டினால் குருவிக்கூடு மாதிரி உருண்டை கட்டும். எவ்வளவு சுற்றினாலும் பிரியாது, பொறுக்கித்தான் எறிய வேண்டும். 2001-இல் கடல் மணல் எடுக்கத் தடை வந்ததிலிருந்து நமக்கு உடைகல் மணல்தான். அது ஏற்கெனவே தண்ணீர் கேட்கும். சுருளும் சேர்ந்தால் கலவை விறைக்கும். அதற்காகக் குழாயைத் திறக்காதீர்கள். மூட்டைக்கு 25 லிட்டரோடு நிறுத்தி, போதாததற்கு, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேருங்கள். ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும்.

மேற்பரப்பை அழுத்தித் தேயுங்கள், துடைப்பத்தால் கோடு போடாதீர்கள். நீட்டி நிற்கும் முனை உப்புக்காற்றில் பழுப்புக் கறை விடும், வெறுங்காலையும் கிழிக்கும். கோலம் போடும் வாசலுக்கு இந்தக் கலவையே வேண்டாம்.

கேள்வி: அலுமினிய ஜன்னல் பட்டறைச் சீவலையும் சேர்த்துப் போடலாமா?
- வாசகி, போர்ட் லூயி

பதில்: கூடாது. சிமென்டின் காரம் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கான்கிரீட் பணியாரம் போல உப்பி, உள்ளே பொத்தலாகிவிடும். இரண்டும் கலந்த குப்பையாக இருந்தால் காந்தம் வைத்துப் பிரியுங்கள். ஒட்டாததெல்லாம் பழைய உலோகக் கடைக்குப் போகட்டும், அங்கே அலுமினியத்துக்கு நல்ல விலை உண்டு.