போர்க்களமும் வரலாற்றுத் துறையும்

கே: புத்தகக் கடைகளில் போர்கள் பற்றிய நூல்கள் அடுக்கடுக்காக விற்கின்றன. ஆனால் வரலாற்றுப் பேராசிரியர்களிடம் போர் வரலாறு பற்றிக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். அது ஏன் தனித்து நிற்கிறது?
– ஒரு வாசகர், திருச்சி

ப: இந்த விலகலில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் படைத் தலைமையகம் தன் அதிகாரிகளுக்குப் பாடம் சொல்லவே போர் வரலாற்றை எழுதியது. பல்கலைக்கழகத்தாரோ அதைச் சிப்பாய்களின் சமாசாரம் என்று ஒதுக்கினார்கள். நடுவே அகப்பட்டவர் ஹான்ஸ் டெல்புருக். 1870-71 பிரெஞ்சுப் போரில் பணியாற்றிய இவர் பின்னாளில் பெர்லினில் பேராசிரியரானார்.

இவருடைய முறை எளிமையானது. பாரசீக மன்னன் செர்க்செஸ் கிரேக்கத்துக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுடன் படையெடுத்து வந்தான் என்ற, பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் கணக்கை எடுத்துக்கொண்டார். ஜெர்மன் படையில் 30,000 பேர் அணிவகுத்தால் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் சாலை நிரம்பிவிடும். அப்படியானால் பாரசீகப் படையின் முதல் வரிசை கிரேக்கத்தின் தெர்மோபிலே கணவாயை எட்டும்போது, கடைசி வரிசை டைக்ரிஸ் நதிக்கு அப்பாலுள்ள சூசாவிலிருந்து அப்போதுதான் கிளம்பியிருக்கும்! (பரணிக்குரிய ஆயிரம் யானைகளையும் இப்படிச் சோதிக்கலாம்: யானைக்கு நாளொன்றுக்கு நூறு கிலோ தீவனம் என்று குறைத்துப் போட்டாலும் தினமும் நூறு டன், அதைச் சுமக்கும் வண்டி மாடுகளுக்கும் தீவனம் வேண்டும்.)

இவ்வளவு செய்தும் அவருக்குக் கிடைத்தது இரு பக்க அடிதான். பிரஷ்யாவின் மாமன்னர் ஃப்ரெட்ரிக் எதிரியை ஒரே சண்டையில் அழிப்பதைவிடச் சோர வைப்பதையே நம்பினார் என்று எழுதியதற்காகப் படை அதிகாரிகள் பல ஆண்டுகள் அவரோடு மல்லுக்கு நின்றார்கள். ரோமானிய வரலாற்று மேதை மொம்சனோ, டெல்புருக்கின் போர் வரலாற்று நூலைப் பெற்றுக்கொண்டு, படிக்க நேரம் இராது என்று சொல்லிவிட்டதாகக் கூறுவதுண்டு.

பிற்காலத்தில் பிரான்சின் அனால் என்ற வரலாற்றுச் சிந்தனைப் பள்ளியினர் நிலம், விலைவாசி, மனப்போக்கு ஆகியவற்றின் நீண்டகால மாற்றங்களை முன்னிறுத்தியபோது, சண்டைகளை வரிசைப்படுத்தும் வரலாறு பழம்பாணியாகிவிட்டது. அப்பள்ளியை நிறுவியவர்களில் ஒருவரான மார்க் பிளாக் இரண்டு உலகப் போர்களிலும் பணியாற்றி, 1944-இல் ஜெர்மானியரால் சுட்டுக் கொல்லப்பட்டவர் என்பதை நினைத்தால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கே: இன்றும் அதே நிலைதானா?
– கல்லூரி மாணவி, மதுரை

ப: பெருமளவு மாறியிருக்கிறது, குறிப்பாகப் படையின் சம்பளக் கணக்கையும் ரொட்டிக் கணக்கையும் ஆய்வாளர்கள் புரட்டத் தொடங்கிய பிறகு. 1576 நவம்பரில் ஸ்பானியச் சிப்பாய்கள் இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆண்ட்வெர்ப் நகரைச் சூறையாடி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதைக் களத்து வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு புரிந்துகொள்ள முடியாது. முந்தைய ஆண்டு ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப்பின் கருவூலம் திவாலானதையும், அந்தச் சிப்பாய்களின் சம்பளப் பாக்கி ஏறிக்கொண்டே போனதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிதி வரலாற்றாளர் கருவூலத்தோடும் போர் வரலாற்றாளர் நகர மதிலோடும் நின்றுகொண்டிருந்த வரை, அந்தச் சிப்பாய் இருவர் கண்ணிலும் படவில்லை.