எண்ணெய் விட்டால் சத்தம் போகும், பிரேக்கும் போகும்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு விலை குறைந்த சைக்கிள் ஒன்றைக் கடந்த ஆடி மாதம் வாங்கிக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில், முன் பிரேக்கைப் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கிறீச்சிடத் தொடங்கிவிட்டது. தெருமுனைக் கடைக்காரர் பிரேக் கட்டையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் சத்தம் இல்லை. ஆனால் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று மகள் சொன்னாள். இப்போது சத்தமும் திரும்பி வந்துவிட்டது. கட்டைகளை மாற்றினால் போதுமா, பிரேக்கையே மாற்ற வேண்டுமா? நான் பள்ளி ஆசிரியர். ஸ்பானர் பிடித்துக் கொஞ்சம் பழக்கம் உண்டு.
- ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: ரிம்மையும் கட்டைகளையும் சுத்தம் செய்து முடிக்கும் வரை அந்தச் சைக்கிளைத் தங்கள் மகளிடம் கொடுக்க வேண்டாம். பிரேக் வேலை செய்வதே உராய்வினால்தான். எண்ணெயின் வேலையோ உராய்வைக் குறைப்பது. அந்த இரண்டு சொட்டு எண்ணெய் சத்தத்தை நிறுத்தியதற்குக் காரணம், அது பிரேக்கை நிறுத்தியதுதான். இந்த வைத்தியத்தைச் செய்யும் கடைகள் இன்னும் பல ஊர்களில் இருப்பது வருத்தத்துக்குரியது.

தாங்கள் ஆசிரியர் என்பதால் இந்தச் சத்தம் தங்களுக்குப் பழகிய ஒன்றுதான். புதுச் சாக்பீஸை நேராகப் பிடித்துக் கரும்பலகையில் இழுத்தால் வகுப்பே காதைப் பொத்திக்கொள்ளும். அதையே பாதியாக உடைத்து, சற்றுச் சாய்த்துப் பிடித்து எழுதினால் சத்தம் அடங்கிவிடும். சாக்பீஸ் பலகையில் ஒட்டுவதும் வழுக்குவதுமாக மிக வேகமாக அதிர்வதே அங்கு நாம் கேட்கும் கிறீச்சொலி. பிரேக் கட்டையும் ரிம்மில் அப்படியே ஒட்டி, வழுக்கி, மீண்டும் ஒட்டுகிறது. அந்த அதிர்வைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய, கட்டை பொருத்தப்பட்ட பிரேக் கை, விலை குறைந்த சைக்கிள்களில் மெல்லிய தகட்டால் ஆனதாகவோ அதன் நட்டு தளர்ந்ததாகவோ இருப்பதால், அதுவும் சேர்ந்து அதிர்ந்து சத்தத்தைப் பெருக்குகிறது. ஆகவே கட்டையை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் மறுபடியும் இதே கேள்வியை எங்களுக்கு எழுத நேரிடும்.

சுத்தம் செய்வதிலிருந்து தொடங்கலாம். பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பு கலந்த வெந்நீரில் துணியை நனைத்து, ரிம்மின் இரு பக்கங்களையும் இரண்டு முறை துடைத்து, நல்ல தண்ணீரால் கழுவி உலர விடுங்கள். எண்ணெய் எடுக்கிறேன் என்று மண்ணெண்ணெயோ டீசலோ தொட வேண்டாம். அவை பழைய எண்ணெயைக் கரைத்துவிட்டுத் தம் பங்குக்கு ஒரு படலத்தை விட்டுச்செல்லும். பிறகு கட்டைகளைக் கழற்றி அவற்றின் முகத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல் மினுங்கினால், தரையில் பரப்பிய உப்புத்தாளின்மேல் வைத்து, மினுமினுப்பு போய்க் கறுத்த மங்கலான ரப்பர் தெரியும் வரை தேயுங்கள். இடையிடையே சிறு மணலோ உலோகத் துணுக்கோ பதிந்திருக்கும். ஊக்கின் முனையால் அவற்றைக் குத்தி எடுத்துவிடுங்கள். ரப்பர் நகம் இறங்காத அளவுக்கு இறுகிப்போயிருந்தாலும், தேய்த்த பிறகும் எண்ணெய் பிசுபிசுத்தாலும், கட்டையைக் காப்பாற்ற முயல வேண்டாம். சைக்கிளில் மிக மலிவான உதிரிகளில் அதுவும் ஒன்று.

அடுத்தது தளர்ச்சி. பிரேக் கையின் கீழ் நுனியைப் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால், இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட் தளர்ந்திருக்கிறது. அதில் பெரும்பாலும் இரண்டு நட்டுகள் ஒன்றையொன்று பூட்டி நிற்கும். உள் நட்டை ஆட்டம் நிற்கும் வரை இறுக்கி, அதை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு வெளி நட்டை மற்றொரு ஸ்பானரால் பூட்ட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் லீவரை விட்ட பிறகும் கைகள் விரியாமல் ரிம்மைப் பிடித்தபடியே நிற்கும். ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளும்போது ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபோர்க் சுழலும் இடத்தில் ஆட்டம் தெரிந்தால், அதையும் சரிசெய்யாமல் முன் பிரேக்கின் சத்தம் முழுதாக அடங்காது.

இனிச் சாக்பீஸைச் சாய்க்கும் வேலை. கட்டையின் முன் முனை, அதாவது வண்டி போகும் திசையில் உள்ள முனை, ரிம்மை முதலில் தொட வேண்டும்; அப்போது பின் முனையில் சுமார் 1 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். லீவரை அழுத்தி இறுக்கும்போது, சுழலும் ரிம் கட்டையை முன்னோக்கி இழுக்க, பிரேக் கை சற்று வளைந்து, கட்டையின் முழு முகமும் படிந்துவிடும். பழைய கல்யாணப் பத்திரிகையின் கனத்த அட்டையை மூன்றாக மடித்தால் ஏறக்குறைய இந்தக் கனம் வரும். அதைக் கட்டையின் பின் முனைக்கும் ரிம்முக்கும் இடையில் செருகி, லீவரை ஒரு கயிற்றால் இறுகக் கட்டிவிட்டு, கட்டையின் நட்டை இறுக்கிய பின் அட்டையை உருவிவிடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குழிந்த வாஷர்கள் உள்ள கட்டைகள்தான் இப்படிச் சாய்ந்து கொடுக்கும். தங்களுடையதைப் போன்ற சைக்கிள்களில் கட்டை தட்டையான வாஷரோடு நேராகவே உட்காரும். எத்தனை அட்டை வைத்தாலும் நட்டை இறுக்கியதும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். சில மெக்கானிக்குகள் திருகு ஸ்பானரால் பிரேக் கையையே லேசாக முறுக்கிச் சாய்ப்பார்கள். இரும்புக் கை அதைத் தாங்கும். அலுமினியக் கை விரிசல் விடக்கூடும். பழக்கமில்லாதவர்களுக்கு நாங்கள் சொல்வது உப்புத்தாள்தான்: கட்டையின் பின் முனையை மட்டும் கூடுதலாகத் தேய்த்து, முகத்தையே சரிவாக்கிவிடுங்கள். அந்தச் சரிவு சில மாதங்களில் தேய்ந்து சமமாகிவிடும். அப்போது மறுபடியும் தேய்க்க வேண்டியிருக்கும்.

திரும்பப் பொருத்தும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். கட்டை உலோகக் கூட்டுக்குள் செருகப்பட்டதாக இருந்தால், கூட்டின் மூடிய முனை முன்பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் வேகமாகப் பிடிக்கும்போது ரப்பர் கூட்டை விட்டே நழுவி வெளியே போய்விடும். கட்டையின் எந்த ஓரமும் டயரைத் தொடக் கூடாது. தொட்டால் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும். எல்லாம் முடிந்ததும் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டே பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள்; பிறகு ஆளில்லாத தெருவில் தாங்களே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பனி பெய்த காலையில் முதல் இரண்டு மூன்று பிடிப்புக்கு மட்டும் சத்தம் வந்து அடங்கினால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ரிம்மில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்ப்பதும் நல்லது. ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு ரிம். மழையில் நனைந்தால் சத்தம் போடாமலேயே அதன் பிரேக் வெகுவாகக் குறைந்துவிடும். அத்தகைய ரிம் என்றால், ஐப்பசி அடைமழையில் வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே பிரேக்கைப் பிடிக்கத் தங்கள் மகளைப் பழக்குங்கள்.

கேள்வி: அப்பா ஓட்டிய பெரிய சைக்கிளை இன்றும் நான் ஓட்டுகிறேன். கம்பி பிரேக். பிடிக்கும்போதெல்லாம் ‘கீச்’ என்கிறது. கட்டைகள் புதியவை.
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தங்களுக்கு எண்ணெய் விட அனுமதி உண்டு, கட்டையில் அல்ல, கம்பிகளின் மூட்டுகளில். லீவர் முதல் கட்டைகளைத் தாங்கும் வளைகம்பி வரை ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு விட்டு, வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். வண்டி நிற்கும்போதே லீவரை அழுத்தினால் ‘கீச்’ கேட்கிறது என்றால், குற்றவாளி மூட்டுதான், கட்டை நிரபராதி. மற்றொன்று: இவ்வகை பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டில் அல்லாமல், ஸ்போக்ஸ் பக்கம் பார்த்த உள்முகத்தில் அழுந்துகின்றன. அந்த முகத்தை நாம் துடைப்பதே இல்லை. பின் சக்கரத்தில் செயினிலிருந்து தெறிக்கும் எண்ணெயும் சேறும் அங்கேதான் சேர்கின்றன.

கேள்வி: என் மகன் ஆசைப்பட்டான் என்று டிஸ்க் பிரேக் போட்ட சைக்கிள் வாங்கினோம், அந்த வகையில் விலை குறைந்தது. பிரேக்கைத் தொடாதபோதே ‘சிங், சிங்’ என்று உரசுகிறது. பிடித்தால் அலறுகிறது. டிஸ்க் என்றால் நல்லது என்றார்களே?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: நல்ல டிஸ்க் பிரேக் நல்லதுதான், மலிவான டிஸ்க் பிரேக் அதிகப் பராமரிப்பைக் கேட்பது. பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைக்கு, அதே விலையில் சாதாரண ரப்பர் கட்டை பிரேக்கே எங்கள் தேர்வாக இருக்கும். வாங்கியாகிவிட்டது, அதனால் சரிசெய்வதைப் பார்ப்போம்.

இரண்டும் வெவ்வேறு சத்தங்கள். முதலாவது உரசல். கேபிளால் இயங்கும் மலிவான டிஸ்க் பிரேக்குகள் பலவற்றில் இரண்டு பிரேக் பட்டைகளில் ஒன்று மட்டுமே நகரும். அது சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகட்டை வளைத்துக் கொண்டுபோய், அசையாத மற்றொரு பட்டையில் அழுத்தும். அசையாத பட்டை தகட்டுக்கு மிக நெருங்கியிருந்தால் எப்போதும் உரசும். பட்டைகள் உள்ள பிரேக் பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளை ஆலன் கீயால் தளர்த்தி, பெட்டியின் அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, தகட்டின் இரு பக்கமும் மெல்லிய வெளிச்சக் கோடு தெரியும்படி நகர்த்தி இறுக்குங்கள். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் உரசினால் தகடு வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்தும் வேலையைக் கடைக்கு விட்டுவிடலாம். சுழலும் தகட்டின் அருகே மட்டும் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாவது, அலறல். இதற்குப் பெரும்பாலும் எண்ணெயே காரணம். செயினுக்கு ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கும்போது அதன் சாரல் பின் தகட்டில் படிந்துவிடும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்துத் தகட்டைத் துடையுங்கள். கை கழுவும் சானிடைசர் அதற்குப் பதிலாகாது; அதில் கிளிசரின் போன்ற வழுக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். எண்ணெய் குடித்த பட்டைகளை அடுப்பில் சுட்டுச் சரிசெய்யலாம் என்று சொல்பவர்களை நம்பாமல் மாற்றிவிடுங்கள். புதிய பட்டைகள் போட்டதும், மிதமான வேகத்தில் போய் நடை வேகத்துக்குக் குறைக்கும்படி இருபது முறையாவது பிரேக் பிடித்து ஓட்டினால், பட்டையும் தகடும் ஒன்றோடொன்று பழகிப் படியும். அதுவரை சற்றுக் கத்தும்.

கேள்வி: சக்கரம் சுற்றுக்கு ஒரு முறை பிரேக்கில் ‘டக்’ என்று தட்டுகிறது. பெண்டு எடுத்தும் போகவில்லை.
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: காற்று அடிக்கும் வால்வுக்கு நேர் எதிரே ரிம்மில் விரலை ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான ரிம்களின் இணைப்பு அங்கேதான் இருக்கும். விலை குறைந்த ரிம்களில் அந்த இடம் முடி அளவு மேடாக இருப்பது உண்டு. விரலில் மேடு தட்டுப்பட்டால், மென்மையான அரத்தால் ஐந்தாறு இழுப்பு இழுத்து, மீண்டும் விரலால் தடவிப் பார்த்து, மேடு தெரியாதபோது நிறுத்திவிடுங்கள். முலாம் பூசிய இரும்பு ரிம்மில் மட்டும் அரத்தைத் தொட வேண்டாம்; முலாம் போன இடத்தில் துரு ஏறி, அதுவே கட்டையை அரித்துத் தின்றுவிடும்.